பிள்ளைமடுவத்து மாத்திரை

அழகரின் இடுப்பில் எப்போதும் ஒரு கால் போத்தல் இருக்கும். காலையில் பெரட்டுக் களத்தில் கங்காணி வேலை பிரிக்கும்போதும் இருக்கும், மலையில் தேயிலைச் செடிகளை நறுக்கும் கவ்வாத்துக் கத்தியை வீசிக்கொண்டிருக்கும்போதும் இருக்கும். நடுவில் நிறுத்தி, முதுகைத் திருப்பிக்கொண்டு இரண்டு மடக்குக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வார். தோட்டத்துக்குப் புதிதாக வந்தவர்கள் முதல் நாளிலேயே முடிவு கட்டிவிடுவார்கள்: நல்ல வேலைக்காரன், ஆனால் குடிகாரன். உண்மையில் போத்தலில் இருந்தது தோட்டத்து மருந்துக் காம்பராவில் ஊற்றிக் கொடுக்கும் வெள்ளை மருந்து. சாராயம் அவர் வயிற்றில் பத்து நிமிடம் தங்காது. குடிக்காமலே குடிகாரப் பட்டம் வாங்கிய ஆள் லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

நெஞ்சுக்குழிக்குக் கீழே ஓர் எரிச்சல். விடியற்காலையில் வெறும் வயிற்றில் சாயத் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு மலையேறினால் ஒன்பது மணிக்குத் தொடங்கும். பத்து மணிக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டால் அடங்கும், பன்னிரண்டு மணிக்கு வட்டியோடு திரும்பி வரும். இதை அவர் ஒரு நோயாகவே நினைக்கவில்லை. குடும்பச் சொத்தாக நினைத்தார். ஏனென்றால் அவருடைய அப்பாவுக்கும் இதே எரிச்சல் இருந்தது, நாற்பத்தேழு வயதில் போய்ச் சேர்ந்தார். அண்ணனுக்கும் இருந்தது, அவரும் நாற்பத்தேழில் போனார். இரண்டு பேருக்கும் கடைசி மூன்று மாதம் கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. வயிற்றில் புற்று என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அண்ணன் போனது தொண்ணூற்று நாலில். அழகருக்கு அப்போது முப்பத்தொன்பது. ஊரில் எல்லாரும் வயதை ஏறுமுகமாக எண்ணுவார்கள், அழகர் அன்றிலிருந்து இறங்குமுகமாக எண்ணத் தொடங்கினார். இன்னும் எட்டு. இன்னும் ஏழு. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, மனைவி பாக்கியலெட்சுமியிடம்கூட. அவர் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு விரல் மடக்குவதைக் கண்டு, சீட்டுக் கணக்குப் போடுகிறார் என்று அந்த அம்மாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

வயிற்று எரிச்சலைக் கண்டுபிடித்தவர் அண்ணனின் மனைவி விஜயலெட்சுமி. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது சின்னஞ்சிறுசுகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவத்தைப் பார்த்துக்கொண்டவர் அவர். முப்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்காரவைக்கிறவருக்கு ஒரு கொழுந்தனாரைப் பார்த்தாலா புரியாது? ஒருநாள் வழிமறித்து அந்தக் கால் போத்தலைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

"உங்க அண்ணனும் இதேதான் குடிச்சிட்டுத் திரிஞ்சாரு. நான் தூக்கிட்டுப் போறப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு. நீங்களாவது நடந்து போற காலத்துல பதுளைக்குப் போங்க, கொழுந்தனாரே."

தொண்ணூற்றாறில் அழகர் பதுளைக்குப் போனார். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சிவரூபி இருந்தார், யாழ்ப்பாணத்துப் பெண். மெதுவாகப் பேசுவார், ஆனால் ஒரு சொல்லைத் திரும்ப வாங்கமாட்டார். தொண்டைக்குள் கசப்பு மருந்தை அடித்து, விளக்கு வைத்த குழாயை வயிற்றுக்குள் விட்டுப் பார்த்தார்கள். மலைச் சரிவில் ஒற்றைக் காலில் நின்று கவ்வாத்து வெட்டுகிற மனிதர் அன்றைக்கு வீரனாக நடந்துகொள்ளவில்லை. அவரைப் பிடித்துக்கொள்ள இரண்டு தாதிமார் தேவைப்பட்டார்கள்.

வயிற்றில் ஒரு கிருமி இருக்கிறதாம். சின்ன வயதிலேயே புகுந்திருக்குமாம். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் அதுவே இருந்திருக்கலாமாம். பதினான்கு நாளைக்கு மூன்று வகை மாத்திரைகளை ஒரு பெரிய கடதாசி உறையில் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று டாக்டர் மூன்று தரம் சொன்னார். அழகர் மூன்று தரமும் தலையாட்டினார்.

இனி நடந்ததற்கு அழகரை மட்டும் திட்டிப் பயனில்லை. அந்த லயத்தில் பத்து வீடு. ஒரு வீட்டில் பலாப்பழம் வெட்டினால் பத்து வீட்டுக்கும் சுளை போகும். ஒரு வீட்டில் கோழி அடித்தால் பத்து வீட்டுக்கும் குழம்பாவது போகும். காய்ச்சல் மாத்திரையும் அப்படித்தான், கண்ணுக்கு விடும் மருந்தும் அப்படித்தான். ஒரு வீட்டுக்கு வந்தது அந்த வீட்டுக்கு மட்டும் வந்ததாக அங்கே யாரும் நினைத்ததில்லை. அதுவும் பதுளையிலிருந்து, பெரிய டாக்டர் கையால் வந்த மாத்திரை.

முதலில் வந்தவர் அடுத்த வீட்டு இராசையா.

"அண்ணே, அந்தப் பதுள மாத்திரைல ரெண்டு குடுங்களேன். வயிறு திகுதிகுன்னு எரியுது."

பாக்கியலெட்சுமி கொடுத்தார். மூன்று நிறத்திலும் ஒவ்வொன்றாகக் கொடுத்தார், குறை வைக்கக் கூடாதே. அடுத்து இராசையாவின் மாமியார். அடுத்து கடைசி வீட்டுக் கொழுந்துக்காரப் பெண்கள் இருவர். அழகருக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள் உறை காலி. எல்லாருக்கும் இரண்டு நாளைக்கு எரிச்சல் அடங்கியது. பதுளை மாத்திரையின் புகழ் பக்கத்து டிவிசன்வரை போனது.

அடுத்த வருஷம் டாக்டர் சிவரூபி மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார். சின்னச் சதைத் துணுக்கு எடுத்து அனுப்பி, முடிவு வந்ததும் அழகரைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார்.

"குடுத்த குளிசை எல்லாம் போட்டனீங்களோ?"

"போட்டேங்க."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. கிருமி அப்பிடியே இருக்கு. அரைகுறையா மருந்து குடிச்சவையின்ரை வயித்திலதான் இப்பிடி இருக்கும்."

அழகருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதில்லை. ஒரு வரிக்கு மேல் சொல்லத் தெரியாது. இரண்டாவது கேள்விக்கே எல்லாம் வெளியே வந்துவிட்டது. இராசையா, மாமியார், கொழுந்துக்காரப் பெண்கள் எல்லாரும் அவர் வாயிலிருந்து வரிசையாக வந்தார்கள். டாக்டர் கோபப்படுவார் என்று காத்திருந்தார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்கள் குடுத்தது மருந்தில்லை, ஐயா. ஆளுக்கு ரெண்டு குளிசையிலை கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிப்போகும். உங்கடை கிருமியும் பழகிட்டுது. இந்த முறை வேறை மருந்து தாறன். இதுவும் தவறினால் என்னட்டைத் தாறதுக்கு அடுத்தது இல்லை."

திரும்பி வரும் பஸ்ஸில், பசறையைத் தாண்டும்வரை அழகர் அந்த உறையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். மாத்திரை விழுங்குவது அவருக்குப் பயமில்லை. இராசையா கதவைத் தட்டுவான், அதுதான் பயம். நாற்பது வருஷமாக அந்த லயத்தில் 'இல்லை' என்ற சொல்லை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்போது எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் நாற்பத்தேழு. சொன்னால் நாளைக்கு எந்த முகத்தோடு அதே குழாயில் தண்ணீர் பிடிப்பது? யோசித்து யோசித்து, வீட்டுக்குப் போகாமல் நேரே பிள்ளைமடுவத்துக்குப் போய் உறையை விஜயலெட்சுமியிடம் நீட்டினார்.

"மதினி, இது எங்கூட்ல இருந்தா அஞ்சு நாள் தாங்காது. ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

விஜயலெட்சுமி பால்மா டின்களுக்குப் பின்னால் உறையை வைத்து அலமாரியைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

மறுநாளிலிருந்து அந்தத் தோட்டம் ஒரு கூத்தைப் பார்த்தது. காலையில் பெரட்டு முடிந்ததும் கையில் கவ்வாத்துக் கத்தியோடு அழகர் பிள்ளைமடுவத்துக்கு வருவார். கத்தியை வாசலில் வைத்துவிட்டு, பாலுக்கு நிற்கும் பிள்ளைகளின் வரிசையில் கடைசி ஆளாக நிற்பார். விஜயலெட்சுமி அவருக்கு மட்டும் வரிசையை மாற்றமாட்டார். முறை வந்ததும் மாத்திரையைக் கையில் வைத்து, தண்ணீர் கொடுத்து, விழுங்கியபின் "வாயத் தொறங்க" என்பார். அழகர் திறப்பார். "நாக்கத் தூக்குங்க." தூக்குவார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். பின்னேரமும் இதே கதைதான். ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமிப் போயா நாளும் மடுவத்துக்கு விடுமுறை, ஆனால் அழகருக்காகக் கதவு திறந்தது.

இரண்டாம் நாள் இராசையா வந்து கேட்டபோது அழகர், "மாத்திரை மடுவத்துல இருக்குப்பா. மதினிகிட்டத்தான் கேக்கணும்" என்றார். இராசையா தலையைச் சொறிந்துகொண்டு போனார். விஜயலெட்சுமியிடம் போய்க் கேட்கும் தைரியம் அந்த மலையில் ஒருவருக்கும் இருக்கவில்லை, பெரிய கங்காணி உட்பட. பதினான்கு நாளும் முடிந்தன, உறையில் ஒன்றும் மிஞ்சவில்லை, ஒன்றும் குறையவில்லை.

தொண்ணூற்றெட்டில் பார்த்தபோது கிருமி இல்லை. அழகர் எழுந்து கும்பிட்டுவிட்டுக் கிளம்பப் போனார். டாக்டர் உட்காரச் சொன்னார்.

"கிருமி போயிட்டுது. ஆனா அது கனகாலம் இருந்த வயிறு. உள்தோல் கன இடத்திலை மெலிஞ்சு போய்க் கிடக்கு. அடிப்பக்கத்திலை ஒரு சின்ன இடம் வயித்துத் தோல் மாதிரி இல்லாமல் குடலின்ரை தோல் மாதிரி மாறிட்டுது. இது புற்றுநோய் இல்லை. ஆனா அந்த வருத்தம் வாறதெண்டால் இந்த வழியாலைதான் வரும்."

"கிருமி செத்தும் அது செஞ்ச வேல சாகலீங்களா?"

"அதைத்தான் வருஷா வருஷம் பாக்கவேணும். சிலருக்கு மெலிஞ்ச தோல் திரும்ப வளரும். மாறின இடம் லேசிலை திரும்பாது, ஆனா பரவாமல் நிண்டால் போதும். நோவு இல்லையெண்டு வராமல் விட்டிடாதேங்கோ."

இது அழகருக்கு யாரும் விளக்காமலே புரிந்தது. தேயிலையில் பாசி பிடித்தால் கவ்வாத்துக்குப் பிறகு அதை உரசி எடுப்பார்கள். பாசி போன அன்றைக்கே செடி பச்சையாகிவிடுமா? சில கிளை துளிர்க்கும், சில கிளை மொட்டையாகவே நிற்கும், வருஷக் கணக்கில் கூட இருந்து பார்க்க வேண்டும். செடிக்குச் செய்வதை வயிற்றுக்குச் செய்யச் சொல்கிறார்கள், அவ்வளவுதானே என்று எடுத்துக்கொண்டார்.

அவ்வளவுதான் என்று தோட்டத்தில் ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை. வலியோடு போகிறவனைத்தான் ஊருக்குத் தெரியும். வலி இல்லாமல், நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, வருஷத்துக்கு ஒரு தடவை வேலையை விட்டுவிட்டுத் தொண்டையில் குழாய் விட்டுக்கொள்ளப் போகிறவனை என்ன சொல்வது?

"என்ன நோவு?" என்பார் கங்காணி.

"நோவு ஒண்ணும் இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு லீவு?"

"இல்லைன்னு பாத்துட்டு வரத்தாங்க."

வயிற்றுவலி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேள்வியே வந்திருக்காது. ஆனால் டாக்டருக்கு முன்னால் அவமானப்பட்ட நாளிலிருந்து அழகர் வயிற்று விஷயத்தில் பொய் சொல்வதை விட்டிருந்தார். அதோடு கருவாட்டையும் விட்டார், உப்பில் ஊறியது வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால். பொய்யை விடுவதில் சிரமம் இருக்கவில்லை. பக்கத்து வீட்டில் கருவாடு பொரியும்போதுதான் உயிர் போய் வந்தது. இப்படி நாலு வருஷம் போனார். ஒவ்வொரு வருஷத்து முடிவுத் தாளையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார். அதில் இருந்த இங்கிலீசு அவருக்குத் தெரியாது, தேதி மட்டும் தெரியும்.

இரண்டாயிரத்து இரண்டு ஆவணியில் அழகருக்கு நாற்பத்தேழு பிறந்தது. புரட்டாசியில் வலி திரும்பி வந்தது.

பழைய எரிச்சல், அதே இடம், இன்னும் கூடுதலாக. ஒருநாள் மலையில் வாந்தி எடுத்தார். பாக்கியலெட்சுமி அழுதார். லயம் முழுவதும் குரலைத் தாழ்த்திக்கொண்டது. இதில் பெரிய விசித்திரம், வலி இல்லாத நாளெல்லாம் பதுளைக்கு ஓடிய மனிதர் இப்போது வலியை வைத்துக்கொண்டு போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். கவ்வாத்துக் கத்தியைத் துடைத்துச் சாக்கில் சுற்றி மேலே வைத்துவிட்டார். பயந்துவிட்டார், வேறு ஒன்றுமில்லை. எட்டு வருஷமாக இறங்குமுகமாக எண்ணியவருக்கு எண்ண ஒன்றும் மிச்சமில்லை.

மூன்றாம் நாள் விஜயலெட்சுமி வீட்டுக்குள்ளேயே வந்து நின்றார்.

"பதுளைக்கு எப்பப் போறீங்க?"

"போய் என்ன மதினி ஆகப்போகுது. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் எழுதினதுதான்."

"உங்க அண்ணனும் இதே எடத்துல குந்திக்கிட்டு இதேதான் சொன்னாரு. தெரிஞ்சுக்கப் பயந்துக்கிட்டே செத்தாரு. நான் பொம்பள, எதுத்துப் பேசாம இருந்துட்டேன். இன்னைக்கும் அத நெனச்சா எனக்கு ஆறல." அவர் குரல் உடைந்தது, ஆனால் அழவில்லை. "உங்க வாயத் தொறந்து பாத்துப் பாத்து மாத்திரை குடுத்தது இப்பிடிக் குந்தி இருக்கத்தானா? எந்திரிங்க."

முப்பது பிள்ளைகளில் ஒன்றைப்போல அழகர் எழுந்தார். மடுவத்தைப் பாக்கியலெட்சுமியிடம் ஒப்படைத்துவிட்டு, விஜயலெட்சுமி அவரோடு பஸ் ஏறினார்.

குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் சிவரூபி கையுறையைக் கழற்றினார். பிறகு கேட்டார்: "முதுகு நோவுக்கு ஏதும் குளிசை போடுறனீங்களோ?"

அழகர் விழித்தார். ஆமாம், போட்டார். ஆடி மாதத்திலிருந்து முதுகு பிடித்திருந்தது. லுணுகலைக் கடையில் இராசையா தனக்கு வாங்கிய சிவப்பு மாத்திரையில் பாதியை அன்போடு கொடுத்திருந்தான். காலையும் மாலையும் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் இவர் கொடுத்தார், இப்போது அவன் கொடுத்தான். லயத்தில் கணக்கு நேராகத்தான் இருந்தது.

"அதுதான் புண்ணாக்கி வைச்சிருக்கு. அதை நிப்பாட்டினால் ஆறிடும். மற்றது துணுக்குப் பரிசோதனை வரட்டும்."

அந்த மூன்று வாரம் எப்படிப் போனது என்று அழகரைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லமாட்டார். சிவப்பு மாத்திரையை விட்டதும் வலி குறைந்தது, ஆனால் தூக்கம் வரவில்லை. முடிவு வாங்கப் போன அன்று பிஸ்கட் டின்னையும் எடுத்துப் போனார். டாக்டர் பழைய தாள்களை வருஷ வரிசைப்படி மேசையில் பரப்பி, புதியதைக் கடைசியில் வைத்தார். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தார். அழகர் அந்த விரலையே பார்த்தார். பக்கத்தில் விஜயலெட்சுமி சாவி முடிந்த முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"தொண்ணூற்றேழிலை மேல்பக்கம் முழுக்க மெலிவு. தொண்ணூற்றொன்பதிலையும் அப்பிடித்தான். போன வருஷம் கொஞ்சம் குறைவு. இப்ப பாருங்கோ," டாக்டர் நிமிர்ந்தார், முதல் தடவையாகச் சிரித்தார், "மேல்பக்கத்துத் தோல் திரும்ப வளர்ந்திட்டுது. அடியிலை மாறின இடம் அப்பிடியே நிக்குது, ஒரு நூல் அளவும் பரவேல்லை. நீங்கள் இனியும் வருஷா வருஷம் வரத்தான் வேணும். ஆனா இது நல்ல வயிறு, ஐயா."

அழகர் வெளியே வந்து, நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்த நடையில் நின்று சத்தமாகச் சிரித்தார். தாதி ஒருத்தி பேசாமல் இருக்கச் சொல்லியும் நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். வாழ்க்கையில் இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை என்று பிறகு சொன்னார், கல்யாணத்தன்றுகூட இல்லை என்றார், அதைப் பாக்கியலெட்சுமி கேட்டுவிட்டார் என்பது தனிக் கதை. பதுளையில் இரண்டு பெட்டி மஸ்கட் அல்வா வாங்கிப் பத்து வீட்டுக்கும் பங்கு வைத்தார். அதைப் பங்கு வைக்கலாம், மதினியே அனுமதி கொடுத்திருந்தார்.

இராசையாவின் வீட்டில் மஸ்கட்டைக் கொடுத்துவிட்டு அவர் உடனே திரும்பவில்லை.

"இராசையா, அன்னைக்கு ஒனக்குக் குடுத்தது மருந்து இல்ல. தப்பு என்மேல. ஒன் வயித்துல அது இன்னும் இருக்கும். மாமியாருக்கும் இருக்கும். வர்ற செவ்வாக்கெழம எங்கூட பதுளைக்கு வரணும்."

"எனக்கு இப்ப வலி இல்லையேண்ணே."

"எனக்கும்தான் நாலு வருசம் இல்ல."

அந்தச் செவ்வாய்க்கிழமை லுணுகலையிலிருந்து புறப்பட்ட பஸ்ஸில், முன்பு அழகர் வீட்டில் மாத்திரை வாங்கித் தின்ற அத்தனை பேரும் இருந்தார்கள். கங்காணி லீவுக்குக் காரணம் கேட்கவில்லை, ஏனென்றால் அவரும் மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

தைப் பொங்கலுக்கு முந்திய நாள் பின்னேரம். பிள்ளைமடுவத்தில் பால் வரிசைக்குப் பின்னால் ஆறு பெரிய ஆட்கள் நின்றார்கள். கங்காணியும் நின்றார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. ஒவ்வொருவர் உறையிலும் பெயர் எழுதியிருந்தது, எல்லாம் அதே அலமாரியில், அதே பூட்டுக்குள். "வாயத் தொறங்க," "நாக்கத் தூக்குங்க" என்று விஜயலெட்சுமி வரிசையாக வந்தார். இராசையாவின் நாக்குக்குக் கீழே ஒரு மாத்திரை இருந்தது. மற்றத் தோட்டத்தில் இருக்கும் மச்சானுக்கு வயிறு சரியில்லையாம். விஜயலெட்சுமி தண்ணீரை நீட்டிக்கொண்டு நின்றார், இராசையா விழுங்கும்வரை.

அழகர் வாசலில் சாய்ந்துகொண்டு இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கடைசி ஆளும் போனபின் விஜயலெட்சுமி சுவரில் தொங்கிய கலண்டரில் அன்றைய தாளைக் கிழித்தார். அதைக் கசக்காமல், மடித்து வைத்துக்கொண்டார்.

"உங்க அண்ணன் போறப்ப அவருக்கு நாப்பத்தேழு வயசும் நாலு மாசமும் ரெண்டு நாளும். நான் எண்ணிக்கிட்டே இருந்தேன்."

எட்டு வருஷமாகத் தான் மட்டுமே எண்ணுவதாக நினைத்திருந்த அழகர் சாய்ந்திருந்த வாசலை விட்டு நிமிர்ந்தார்.

"இன்னையோட நீங்க உங்க அண்ணனுக்கு மூத்தவரு, கொழுந்தனாரே."

அழகர் விரல்களை மடக்கி ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். விஜயலெட்சுமி அலமாரியைத் திறந்து, நாளைய பொங்கலுக்கு வாங்கி வைத்திருந்த வெல்லத்தில் ஒரு கட்டியை உடைத்து எடுத்து வந்தார்.

"வாயத் தொறங்க" என்றார்.

அழகர் திறந்தார்.